மரப்பேனாவும் மேற்பூச்சும்

தேயிலை என்றவுடன் நம் எண்ணம் கொழுந்தோடு நின்றுவிடுகிறது. செடிக்குள் இருக்கும் மரத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தன் போக்கில் வளரவிட்டால் வீட்டுக் கூரைக்கு மேல் ஓங்கி நிற்கக்கூடிய மரம் அது. 4 அல்லது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்துச் செய்து, பறிப்பவர் கைக்கு எட்டும் உயரத்திலேயே அடக்கி வைப்பதால், அதன் வளர்ச்சியெல்லாம் தூரில் தங்கி, முடிச்சும் முறுக்குமாக இறுகிப்போகிறது. நம் ஆனைமலைப் பகுதியில் முதலில் காப்பி, பின்னர் தேயிலை என்று காடு தோட்டமாக மாறி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. வயது முதிர்ந்த செடிகளைப் பெயர்த்து மறுநடவு செய்யும் பணியும் இடையிடையே நடந்து வருகிறது. 50 ஆண்டு கடந்த செடிகளுக்கென்றே தேயிலை வாரியம் 2007இல் தனி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. பெயர்க்கப்பட்ட தூர்களில் பெரும்பகுதி அடுப்புக்குத்தான் போகிறது. சிலவற்றைக் கவிழ்த்து வைத்து, மேலே கண்ணாடி பதித்து, டீப்பாய் என்று விற்பதை மலையூர்க் கடைகளில் வாசகர்கள் கண்டிருப்பார்கள்.

அடுப்புக்கும் டீப்பாய்க்கும் நடுவே மூன்றாவது வழியொன்றை நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் இருவர் கண்டுபிடித்திருக்கின்றனர். டீப்பாய்க்கு உதவாத கிளைத்துண்டுகளைச் சிறு கடைசல் எந்திரத்தில் கடைந்து பேனா செய்கின்றனர். திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளைகள். மலையிலேயே பிழைக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களுக்கு. சென்ற ஆடி மாதத்தில் ஒரு கடைக்காரருக்கு 30 பேனாக்கள் கொடுத்தார்கள். தை மாதத்தில் அவற்றுள் 11 திரும்பி வந்தன. சிலவற்றில் நீளவாக்கில் வெடிப்பு. சிலவற்றில் சாம்பல் பூத்ததுபோல் வெண்மை. “பூச்சை மாற்றுங்கள், கண்ணாடிபோல் மின்னினால்தான் போகும்” என்பது கடைக்காரரின் கட்டளை. எந்தப் பூச்சுக்கு மாறுவது என்று அவ்விருவரும் நம்மிடம் வந்து கேட்டனர். குருமடத்தில் நமக்குத் தச்சு கற்பிக்கவில்லை என்றாலும், ஆலயத்து இருக்கைகளுக்குப் பாலிஷ் போடும் ஆசாரிமாரோடு ஆண்டுதோறும் வாதிட்டு வாதிட்டுச் சிறிது கற்றிருக்கிறோம். நமது வாசகர் இல்லங்களிலும் இத்தகைய கைத்தொழில் முயற்சிகள் பல இருக்கும். ஆதலின் அவர்களுக்குச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

முதலில், வெடிப்புக்குப் பூச்சைக் குறை கூறுவது நியாயமன்று. மரப்பேனாவின் உள்ளே ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. மரத்துண்டை நடுவே துளைத்து, குழாயைப் பசையிட்டுச் செருகி, பிறகு வெளிப்புறத்தைக் கடைகின்றனர். கடைந்து முடிந்தபின் குழாயைச் சுற்றியிருக்கும் மரத்தின் கனம், முனைகளில், ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இளைத்துவிடும். கொங்குநாட்டார் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைக் கண்டிருக்கிறார்கள். இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். பேனாவில் இது தலைகீழாக நடக்கிறது. இங்கே மரம்தான் பட்டை, பித்தளைதான் சக்கரம். மரம் உலர்ந்து சுருங்கும், பித்தளை விட்டுக்கொடுக்காது. மெலிந்த மரம் வெடிப்பதைத் தவிர வேறென்ன செய்யும்?

மரம் எவ்வளவு ஈரத்தைத் தாங்கி நிற்கும் என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 90 என்று நின்றால், மரம் தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 20 பங்கு நீரை வைத்துக்கொள்கிறது. அதே மரம் ஈரப்பதம் 50 உள்ள இடத்தில் 9 பங்குக்கு இறங்கிவிடுகிறது. ஆடி மாதத்து வால்பாறையில், துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாத வீட்டில், கடைந்த பேனா, 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆழியாறு இறங்கிக் கோவையின் மாசி வெயிலை அடைந்தால் அதன் கதி என்னவாகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். எந்தப் பூச்சும் ஈரத்தின் போக்குவரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. ஆகவே பூச்சுக்கு முந்திய வேலை மரத்தை உலர்த்துவது. துண்டுகளாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு தடவி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் சில மாதம் போட்டுவைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, எடையைத் துண்டின் மேலேயே பென்சிலால் குறிக்கட்டும். எடை இறங்குவது நின்றால் வீட்டுக் காற்றளவுக்கு உலர்ந்துவிட்டது என்று பொருள். அதன்பின் பொள்ளாச்சியில் ஓர் அத்தையோ சித்தியோ இருந்தால், துண்டுகளை மூட்டை கட்டிப் பேருந்தில் அனுப்பி, சில வாரம் அவர்கள் வீட்டில் வைத்திருந்து வாங்குவது இன்னும் நல்லது. துளையிட்டபின்னும் உடனே குழாயைச் செருகாமல், ஒரு வாரம் ஆறவிட வேண்டும். உலராத மரத்தின் மேல் உலகத்திலேயே விலையுயர்ந்த பூச்சைப் பூசினாலும் அது வெடிக்கத்தான் செய்யும்.

இனிப் பூச்சுக்கு வருவோம்.

நம் ஆசாரிமார் நெடுங்காலமாக அறிந்தது அரக்கு. மரக்கிளைகளில் ஒட்டிவாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. இதற்கென ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்கும் என்ற ஊரில் 1920களிலேயே ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நம் பாட்டனார் காலத்து இசைத்தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. இன்றும் மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேற்பூச்சாக அது உதவுகிறது. ஆதலின் பேனாவைக் கடிக்கும் பிள்ளைகளுக்கும் தீங்கில்லை. அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்ப்பதுதான் ஸ்பிரிட் பாலிஷ். சுழலும் பேனாவின் மேல் இதைத் தொட்டு அழுத்தினால், உராய்வின் சூட்டில் சாராயம் பறந்து, சில நிமிடங்களில் பளபளப்பு ஏறிவிடும். மரத்தின் நிறத்தையும் ஒரு தேன் சாயலோடு எடுத்துக்காட்டும். இவ்வளவு நற்குணங்கள் இருந்தும் இதற்கு இரண்டு பகைகள். முதலாவது, ஈரக்காற்று. சாராயம் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது, பூச்சு வெளுக்கிறது. அப்பிள்ளைகளின் பேனாக்களில் பூத்த சாம்பலுக்கு இதுவே காரணம் என்று கருதுகிறோம். மழைக்காலத்து வால்பாறையில் ஸ்பிரிட் பாலிஷ் போடுவதும் உப்பு விற்கப் போவதும் ஒன்றுதான். இரண்டாவது பகை, சாராயமே. எதில் கரைந்ததோ அதிலேயே மீண்டும் கரையும். 2020க்குப் பின் கைகளில் கிருமிநாசினி தடவிக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. அதில் பெரும்பகுதி சாராயம்தான். செவிலியருக்கு அரக்குப் பூசிய பேனாவைப் பரிசளித்தால், ஒரு மாதத்தில் அது பிசுபிசுத்துப் போகும்.

சாராயம் இல்லாமலும் அரக்கு ஏற்றும் வழி ஒன்று உண்டு. நாம் வழி வழியாகக் கண்டு மறந்துபோன வழி அது. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளை வைத்து விளையாடாத பெண்பிள்ளைகள் முந்திய தலைமுறையில் அரியர். அவற்றின் சிவப்பும் மஞ்சளும் தூரிகையால் தீட்டியவை அல்ல. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவார்கள். உராய்வின் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டும். கர்நாடகத்துச் சன்னப்பட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் இதே முறைதான். பின்பு தாழை மடலை வைத்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். சாராயம் சேராததால், மழைநாளில் வெளுக்கும் தொல்லை இதில் வெகுவாகக் குறையும். நிறம் கலக்காத அரக்கைக் கொண்டு தேயிலை மரத்தின் மேல் இதைச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம். ஆனால் ஒன்று: அரக்கு ஏறக்குறைய 75 பாகைச் சூட்டில் உருகத் தொடங்கும், அதற்கு முன்பே இளகும். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடியோரம் வைத்துவிட்டு, பேனா ஒட்டுகிறதே என்று பிறகு கேட்கக்கூடாது.

கடைக்காரர் விரும்பும் கண்ணாடி மினுக்கத்துக்கு உரியது வேறொன்று. அது எல்லார் வீட்டிலும் உள்ள உடனடிப் பசைதான். பெவிக்விக் என்று சொன்னால் தெரியும். சயனோஅக்ரிலேட் என்பது அதன் வேதியியல் பெயர். 1942இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவர், துப்பாக்கிக் குறிக்கண்ணாடிக்கு ஏற்ற பிளாஸ்டிக் தேடியபோது இது கையில் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒட்டுவதே அதன் சிறப்பு என்று உணர்ந்து கடைக்குக் கொண்டுவர 1958 ஆயிற்று. பேனா கடைவோர் இப்பசையை நீர்போன்ற மெல்லிய வடிவில் வாங்கி, சுழலும் மரத்தின்மேல் ஆறு முதல் பத்துப் பூச்சுவரை ஏற்றி, மிக நுண்ணிய உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, மெருகு கொடுக்கின்றனர். வியர்வைக்கும் கிருமிநாசினிக்கும் எளிதில் அசையாது. பல ஆண்டு உழைக்கும். நாள் முழுவதும் எழுதுவோருக்கு இதைவிட உறுதியானது கிடைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும் நமக்கு இதில் ஒரு மனக்குறை. மரத்தைப் பளிங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடுகிறது. கண் மரத்தைக் காண்கிறது. விரல் தொடுவதோ பிளாஸ்டிக்கை. பத்து ரூபாய்ப் பேனாவைத் தொட்டாலும் அதே உணர்ச்சிதானே? மேலும் இது காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுவது. ஆகையால் ஈரம் மிகுந்த நாளில் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் இறுகி, இதுவும் வெளுக்கும். ஒருமுறை கீறல் விழுந்து முனையில் பெயர்ந்தால், வாங்கியவர் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. பூசுகிறவருக்கும் இடர் உண்டு. அதன் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். பருத்தித் துணியால் இதைப் பூசவே கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் இப்பசை திடீரென்று கொதிசூடேறிக் கையைப் பொசுக்கும், புகையும், தீப்பற்றவும் கூடும். காகிதக் கைக்குட்டையே தக்கது. கண்ணாடி அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

மூன்றாவதாக எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறி, காற்றோடு கலந்து மெல்ல இறுகும். தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, நாள்கணக்கில் காத்திருந்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். மினுக்கம் அடங்கியிருக்கும். தொட்டால் மரத்தைத் தொடுவது போலவே இருக்கும். நம் ஆலயத்து இருக்கைகளின் முன்கட்டையில், கை வைக்கும் இடத்தில் மட்டும் பழைய பாலிஷ் தேய்ந்து, மரம் தானாகவே ஒரு மெருகு பெற்றிருப்பதை வாசகர்கள் தத்தம் பங்குகளிலும் காணலாம். எண்ணெய் பூசிய பேனாவும் கை படப் பட அவ்வாறே பழகும். காப்பு என்ற அளவில் இது மெலிந்ததுதான். வியர்வை மிகுந்த கையில் கறை ஏறும். ஆனால் வீட்டிலேயே இரண்டு சொட்டு எண்ணெயும் பழந்துணியும் கொண்டு புதுப்பித்துக்கொள்ளலாம். மேலே சிறிது தேன்மெழுகு தேய்த்தால் நன்று. மெழுகை மட்டும் தனியாகப் பூசினால் சில நாளில் போய்விடும்.

எண்ணெய்த் துணி பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது உலரும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே பெருகி, நெருப்பில்லாமலே தீப்பற்றிக்கொள்ளும். இது கட்டுக்கதை அன்று. சுவரோடு சுவராக ஒட்டிய லயன் வீடுகளில் ஒரு வீட்டுத் தீ பத்து வீட்டுத் தீயாகும். துணியை விரித்து வெளியே கொடியில் காயப்போட வேண்டும். அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

ஜப்பானியர் செய்வதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அங்கே 1920களில் நமிக்கி என்ற பேனாத் தொழிலகத்தார், எபோனைட் பேனாக்கள் வெளிச்சம் பட்டு மங்குவதைத் தடுக்க, தம் நாட்டு மரமொன்றின் பாலாகிய உருஷி என்ற பூச்சைப் பூசினர். பின்னர் அதன்மேல் பொன்தூள் சித்திரங்களும் வரைந்து உலகப் புகழ் பெற்றனர். இந்தப் பூச்சு இறுகுவதற்கு ஈரக்காற்று வேண்டும் என்பது வியப்புக்குரியது. வால்பாறைக்கென்றே படைக்கப்பட்டது போலிருக்கிறது! ஆனால் அம்மரம் நம்மிடம் இல்லை; அதன் பச்சைப்பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். முந்திரியும் அதே குடும்பத்து மரந்தான். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து உருஷிக்கு மாற்றான பூச்சு ஒன்றை ஜப்பானியரே செய்கின்றனர். பண்ணுருட்டியில் மலைபோல் குவியும் ஓடுகளை நினைத்தால், வேதியியல் கற்ற நம் பிள்ளைகளில் எவரேனும் இதில் கருத்துச் செலுத்தலாகாதா என்ற ஏக்கம் எழுகிறது.

ஆக, எது சிறந்தது என்று அப்பிள்ளைகள் மீண்டும் கேட்டனர். எவர் கைக்கு என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவ்விருவருள் ஒருவரின் தாய் 30 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அதன்பின் தோட்டத்து வீட்டையும் விட்டு இறங்க வேண்டும். கைநாட்டு வைத்து வேலைக்குச் சேர்ந்த அந்த அம்மாள், 1990களில் அறிவொளி இயக்கத்து வகுப்பில் உட்கார்ந்து தம் பெயரை எழுதக் கற்றவர். இறுதிக் கணக்குத் தாள்களில் தம் கையெழுத்தைப் போடுவதற்குத் தேயிலைக் கட்டையில் ஒரு பேனா செய்து தர வேண்டும் என்பது மகனின் ஆசை. அதற்கும் கடைக்காரர் சொன்ன கண்ணாடி மினுக்கத்தையே அவர் எண்ணியிருந்தார். அந்தக் கைகளை நாம் நற்கருணை வழங்கும்போது பலமுறை கண்டிருக்கிறோம். இலைக்கறை ஏறிக் கறுத்து, விரல்நுனிகள் வெடித்து, தோல் தடித்த கைகள். மினுக்கிய வழுவழுப்பில் அவ்விரல்களுக்குப் பிடிமானம் ஏது? பேனாவைச் சற்றுப் பருமனாகக் கடைந்து, எண்ணெயும் மெழுகும் மட்டும் தேய்த்துக் கொடுக்கச் சொன்னோம். கறை ஏறுமே என்றார். ஏறட்டும் என்றோம். அந்த மரமும் அந்தக் கறையும் ஒரே செடியிலிருந்து வந்தவைதானே?

செவிலியருக்கும் ஆசிரியருக்கும் வங்கி எழுத்தருக்கும் செய்வதானால் பசைப்பூச்சே இருக்கட்டும். பூச்சுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கடைசியில் நுண்ணிய உப்புத்தாளால் மினுக்கத்தைச் சற்று அடக்கிவிட்டால் கைக்கும் இதமாக இருக்கும். மேசைமேல் வைத்து அழகு பார்ப்போருக்கும், என்றோ ஒருநாள் கையெழுத்திடுவோருக்கும் அரக்கு. எதைப் பூசினாலும் மரத்தின் இரு முனைகளையும் மறக்காமல் பூச வேண்டும். ஈரம் பெரும்பாலும் அவ்வழியேதான் புகுந்து வெளியேறுகிறது. தேக்கில் செய்தால் அதன் இயற்கை எண்ணெய் பூச்சை ஒட்டவிடாது. அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிட்டு உடனே பூச வேண்டும். ஈட்டி மரத்தின் பக்கம் போகவே வேண்டாம் என்றோம். அதன் வாணிபத்துக்கு 2017 முதல் உலகளவிலும் கட்டுப்பாடு இருக்கிறது. நம்மைச் சூழ்ந்திருப்பதோ புலிகள் காப்பகம். விழுந்து கிடக்கும் கிளையானாலும் காட்டில் எடுத்தால் வழக்கு வரும். தோட்டத்தாரிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்று வாங்கிய தேயிலைத் தூர் போதும்.

பூசும் வேலையை மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையே, மழை ஓய்ந்த காலத்தில் வைத்துக்கொள்ளவும், ஆனி முதல் ஆவணி வரை மரம் அறுப்பதோடும் எடை குறிப்பதோடும் நிறுத்திக்கொள்ளவும் இசைந்திருக்கிறார்கள். கடைக்காரர் மட்டும் இன்னும் மனம் மாறவில்லை. அவருக்கென மினுக்கமாகப் பத்தும், அடக்கமாகப் பத்தும் செய்து, இரண்டையும் அருகருகே வைக்கச் சொல்லியிருக்கிறோம். அடக்கமான பேனாக்களின் பெட்டிக்குள் வைப்பதற்கு ஒரு சிறு தாள் எழுதித் தருமாறு கேட்டார்கள். நாம் எழுதிக் கொடுத்தது இவ்வளவே: “இது வால்பாறைத் தேயிலைச் செடியின் மரம். ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் பூசப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்து, நன்கு துடைத்து, ஓர் இரவு உலரவிடவும். துடைத்த துணியைச் சுருட்டி வைக்க வேண்டாம்.”